ஏழுக்கு நாலு

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான தேதி ஒன்று உண்டு: 1964 அக்டோபர் 30. அன்று எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை, நல்லது கெட்டது எதுவும் நடக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்பாவும் அம்மாவும் வழக்கம்போல விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறியிருப்பார்கள். நான் பிள்ளைக்காம்பராவில் ஏணையில் கிடந்திருப்பேன். அதே நாளில் புதுடெல்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. பத்து வருஷம் கழித்து, 1974-இல், இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த எண்களில் எங்கள் வீட்டின் பத்துப் பதினைந்து பேரும் இருந்தார்கள். டெல்லியும் கொழும்பும் எங்கே இருக்கின்றன என்றுகூட என் அப்பாயிக்குத் தெரியாது. ஆனால் தன் மூன்று பிள்ளைகளும் எந்தெந்த நாட்டில் சாக வேண்டும் என்பதை அந்த இரண்டு ஊர்களும்தான் தீர்மானித்தன என்பது கடைசிவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

நாடற்றவர்களாக ஆனது எப்படி என்பதை அப்பா சொல்லியிருக்கிறார். 1947 தேர்தலில் தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது. மலைநாட்டில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குக் கை கொடுத்தது. அடுத்த வருஷம் நாடு சுதந்திரம் பெற்றதும் முதல் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயம் எனும் வரிசை வீட்டுக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு ஓட்டுக் கேட்டு ஒரு கட்சிக்காரரும் எங்கள் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. “ஓட்டு இருந்தா ஆளுன்னு பாப்பாங்க. இல்லேன்னா தலைய எண்ணுவாங்க, அவ்வளவுதான்” என்பார் அப்பா. அவர் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அரசியல் பற்றி நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேரு இருந்தவரையில் டெல்லி ஒரு நிலையில் நின்றது: அங்கேயே பிறந்து வளர்ந்து உழைத்தவர்களுக்கு இலங்கைதான் பொறுப்பு, தாமாக விரும்பிக் கேட்பவர்களை மட்டும் இந்தியா ஏற்கும். 1962-இல் சீனாவோடு போர் வந்தது. அக்கம்பக்கத்து நாடுகளின் நல்லுறவு டெல்லிக்கு முன்னைவிட அவசியமாயிற்று. 1964 மே மாதம் நேரு காலமானார். அக்டோபரில் ஒப்பந்தம் வந்துவிட்டது. மலைநாட்டில் பெரிய தொழிற்சங்கமாக இருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களைக் கேட்காமல் செய்த ஏற்பாடு இது என்று எதிர்த்தார். இமயமலை எல்லையில் நடந்த சண்டைக்கும் பொகவந்தலாவையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

சனங்களின் விருப்பம் என்ன என்பது பிற்பாடு தெரிய வந்தது. விண்ணப்பம் போடலாம் என்று அறிவித்து, 1970 ஏப்ரலோடு கெடு முடிந்தபோது, இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகம். இடம் இருந்ததோ மூன்று லட்சம் பேருக்கு. இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையை எட்டவே இல்லை. முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பேசியிருந்தால் கணக்கு தலைகீழாக வந்திருக்கும்.

அந்த விண்ணப்பம் எழுதிய ராத்திரியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசாத நாளில்லை. தோட்டத் தலைவர் எங்கள் காம்பராவுக்கு வந்து, சிமினி விளக்கடியில் உட்கார்ந்து, லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தாராம். அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா, “நான் பொறந்த எடம் இது. எதுக்குண்ணே போகணும்?” என்று சொல்லி இலங்கைக்கு எழுதச் சொன்னார். அப்பா இந்தியாவுக்கு எழுதச் சொன்னார். “இங்க நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அஞ்சோட முடிஞ்சிருது தம்பி. அங்க போனா படிக்க வைக்கலாம்” என்பது அவர் கட்சி. அத்தையின் வீட்டுக்காரர் எதற்கும் எழுதவில்லை. “ரெண்டு அரசாங்கமும் மாறிக்கிட்டே இருக்கு. பொறுத்துப் பாப்போம்” என்று எழுந்து போய்விட்டார். அப்பாயி அடுப்பங்கரையில் இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. சித்தப்பாவோடு இருந்ததால் அவர் பெயர் இலங்கைத் தாளில் ஏறியது.

அண்ணன் தம்பி தங்கை மூன்று பேரும் அன்றைக்கு எடுத்தது அவரவர் குடும்பத்துக்கு நல்லது என்று நினைத்த முடிவு. அதில் ஒருவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்ட தாள்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு ஒரு விகிதம் வைத்திருந்தார்கள். இந்தியா ஏற்கும் ஒவ்வொரு 7 பேருக்கும் இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை கொடுக்கும். 1971-இல் கொழும்பு அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கியது. இந்தியக் குடியுரிமை கையில் வந்தால் போதாது, ஏழு பேர் உண்மையிலேயே கப்பலேறிப் போன பிறகுதான் நாலு பேருக்குக் கிடைக்கும் என்று ஆக்கியது. லயத்தில் எல்லாரும் ‘ஏழுக்கு நாலு’ என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை நான் சின்னப் பிள்ளையில் ஏதோ விளையாட்டுக் கணக்கு என்று நினைத்திருந்தேன். வளர்ந்த பிறகுதான் விளங்கியது: அப்பா கப்பலேறினால்தான் சித்தப்பாவுக்குச் சீட்டு. தம்பி அந்த நாட்டில் மனுஷனாக வாழ, அண்ணன் அந்த நாட்டை விட்டுப் போக வேண்டும்.

அப்பா உடனே கிளம்பிவிடவில்லை. பாஸ்போர்ட் வந்தபிறகும் கிளம்ப மனசு வராமல் தள்ளிக்கொண்டே இருந்தார். அப்படித் தள்ளிப்போட்ட பலரையும் கிளம்ப வைத்தது பசி.

1973-இலும் 1974-இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. கொழும்பில் அந்நியச் செலாவணி இல்லை. இறக்குமதியைக் குறைத்தார்கள், அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள், மாவும் சீனியும் கிடைப்பது அரிதாயிற்று. உள்நாட்டில் பயிர் செய்து சாப்பிடுங்கள் என்றது அரசாங்கம். கிராமத்தில் இருந்தவர்களுக்குக் காணி இருந்தது. மரவள்ளி நட்டார்கள், வற்றாளை நட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வாசலுக்கு முன்னால் இருக்கும் ஒரு பாத்தி மண்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, ஒரு இலைகூடச் சாப்பிட ஆகாது. வேலையும் வாரத்தில் சில நாள்தான் கொடுத்தார்கள். கூட்டுறவுக் கடை வாசலில் பாணுக்காக இருட்டோடு போய் வரிசையில் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அண்ணன் ஒரு வரிசையில் நிற்பான், நான் ஒரு வரிசையில் நிற்பேன். கதவு திறந்து கொஞ்ச நேரத்தில், “முடிஞ்சிருச்சு, போங்க” என்று மூடிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா ஒரு கை மாவைப் பெரிய சட்டித் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டுக் காய்ச்சி, எங்களுக்கு ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவிய தண்ணீரைத் தான் குடிப்பார். நான் பார்ப்பது தெரிந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வார். அந்த வருஷங்களில் மலைநாட்டுத் தோட்டங்களில் சாவு விகிதம் நாட்டின் மற்ற பகுதிகளைவிட மிக அதிகமாக ஏறியது என்பது பதிவாகியிருக்கிறது. எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்த ஒரு தாத்தாவும் ஒரு கைக்குழந்தையும் ஒரே மாதத்தில் போனார்கள்.

1975-இல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. துரைமார் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் தோட்டத்து நிலத்தைப் பிரித்துக் கிராமத்தாருக்குக் கொடுக்கப் போகிறார்கள், லயங்களைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பேச்சு எங்கும் பரவியது. பேச்சு பொய்யில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், நிலத்தைப் பறிப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். நாங்கள் அதற்குச் சற்று முன்பே கிளம்பிவிட்டோம்.

அட்டன் ஸ்டேஷனில் அன்றைக்கு இருந்த கூட்டத்தில் பாதிப்பேர் பயணம் போகிறவர்கள், பாதிப்பேர் வழியனுப்ப வந்தவர்கள். அந்த வண்டிக்கு மலைநாட்டில் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். சித்தப்பா வாய் திறக்கவில்லை. அப்பாயி மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் மேல் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். வண்டி நகர்ந்ததும் பிளாட்பாரத்தில் சிலர் கூடவே ஓடிவந்தார்கள். இரவு முழுக்க ஓடி, மதவாச்சி தாண்டி, விடியும்போது தலைமன்னாருக்கு வந்து சேர்ந்தோம். அங்கே சுங்கக் கொட்டகையில் எங்கள் தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். எவ்வளவு நகை போடலாம், எவ்வளவு பணம் எடுத்துப் போகலாம் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அம்மா காதில் கிடந்ததை ஒரு அதிகாரி விரலால் புரட்டிப் பார்த்தார். பரம்பரையாக அந்த நாட்டின் தேயிலையைக் கிள்ளி, அதற்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்கள் கிளம்பும்போது, அவர்கள் எதையோ திருடிக்கொண்டு போகிறார்களா என்று பார்த்தார்கள். அம்மா அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

‘இராமானுஜம்’ கப்பலில் கடலைக் கடந்து இராமேஸ்வரம். பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் முகாம். அப்பாவின் பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு ஆள் கட்டிக்கொண்டு போகப்பட்ட காலத்தில் கூலியாட்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பரிசோதித்து, கப்பலுக்கு அனுப்பியதும் இதே மண்டபம் முகாம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் போகும்போது நிறுத்திய இடத்தில், சுதந்திர நாட்டின் காலத்தில் வரும்போது நிறுத்தினார்கள். பெயர் பதிந்து குடும்ப அட்டை கொடுத்தார்கள். வியாபாரக் கடன் வாங்கிக்கொண்டு சொந்த ஊர் போகிறவர்கள் ஒரு பக்கம், நூற்பாலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கடன் வாங்கிக்கொண்டு துறையூர்ப் பக்கம் போன எங்கள் சொந்தக்காரர்களுக்கு அங்கே உறவு என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. வியாபாரமும் தெரியாது. கையிலிருந்தது கரைந்ததும் மறுபடி மலைக்கே வந்து சேர்ந்தார்கள். எங்கள் அட்டையில் நீலகிரி என்று எழுதியிருந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தது. பிறகு அதுவே அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

நாங்கள் போனபோது எங்கள் பிரிவில் தேயிலையே இல்லை. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, குழி எடுத்துக் கன்று நட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். அப்பா, “எங்க போனாலும் நமக்கு மண்வெட்டிதான்” என்றாலும், முதல் வாரமே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பள்ளியில் நாங்கள் ‘சிலோன்காரப் பிள்ளைகள்’. இலங்கையில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன். பத்தாவது முடித்தபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். ஓர் அலுவலகத்தில், “உங்க பூர்வீக ஊர்ல போய் வாங்கிட்டு வா” என்றார்கள். பூர்வீக ஊரில், “உங்கள இங்க யாருக்கும் தெரியாதே” என்றார்கள். என்னோடு படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் அந்த ஒரு தாள் கிடைக்காமல் கல்லூரி போகாமல் கொழுந்து கிள்ளப் போனார்கள். அப்பா விடவில்லை. கூலியை விட்டுவிட்டு மாறி மாறி அலைந்து வாங்கி வந்தார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனேன். அப்பா விளக்கடியில் சொன்ன அந்த ஒரு காரணம் பலித்தது என்பதை நான் நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். இருபத்தொரு வயது ஆகாததால் ஓட்டுப் போட முடியாத நான் வாசலில் நிற்க, அப்பாவும் அம்மாவும் தங்கள் வாழ்க்கையின் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு விரலைக் காட்டிக்கொண்டு வந்த நாளும் எனக்கு மறக்காது. தாத்தா 1947-இல் போட்ட ஓட்டுக்குப் பிறகு எங்கள் குடும்பம் போட்ட முதல் ஓட்டு அது.

அந்தப் பக்கம் நடந்தது வேறு. 1977 ஆகஸ்டில் நடந்த வன்செயலில் தோட்டங்களிலும் லயங்களைக் கொளுத்தினார்கள். அத்தை குடும்பம் உடுத்திய துணியோடு வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. மலைநாட்டிலிருந்து அப்படி வடக்கே போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1983 ஜூலையில் மறுபடி. சித்தப்பா அந்த வாரம் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்குள் பிள்ளைகளோடு படுத்திருந்ததைப் பிற்பாடு கடிதத்தில் எழுதினார். 1984-இல் போரால் தலைமன்னார் கப்பல் நின்றது. அதோடு, வந்து போவது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு இல்லாமல் போயிற்று. விமானத்துக்கு எங்களிடம் பணம் ஏது? அப்பாயி இறந்த செய்தி கடிதமாக வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்திருந்தது. அப்பா தலை மழித்து, இங்கே தனியாக எள்ளுந் தண்ணீரும் இறைத்தார்.

1990-இல் மறுபடி சண்டை மூண்டதும் அத்தையின் மகனும் அவன் மனைவியும் படகில் வந்து இராமேஸ்வரம் கரையில் இறங்கினார்கள். அவர்களையும் மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டு போனார்கள். சேதி தெரிந்து நானும் அப்பாவும் போனோம். நாங்கள் வந்தபோது தங்கியிருந்த அதே வரிசை வீடுகள். அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். வெளியே வர ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் பெயருக்கு எதிரே ‘இந்தியர்’, அவன் பெயருக்கு எதிரே ‘அகதி’. இருவரும் ஒரே கிழவியின் பேரப்பிள்ளைகள். அவளுடைய இன்னொரு பேரன், சித்தப்பாவின் மகன், பொகவந்தலாவையில் இலங்கைக் குடிமகன். மூவரில் யாரும் இந்த வித்தியாசத்துக்காக எதுவும் செய்ததில்லை. யாருடைய தகப்பன் எந்தத் தாளில், எந்தத் தேதிக்குள் கையெழுத்துப் போட்டான் என்பதுதான் எங்களைப் பிரித்தது.

பின்னால் வந்த சட்டங்களைப் பாருங்கள். இலங்கை 1988-இல் ஒரு சட்டமும் 2003-இல் ஒரு சட்டமும் கொண்டுவந்து, மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. 2003 சட்டத்தில் வைத்திருந்த அளவுகோல், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அவர் வழி வந்தவர் என்பது. சண்டைக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்த என் அத்தை மகன் அந்தச் சமயத்தில் திருச்சி மாவட்டத்து முகாம் ஒன்றில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இந்தியச் சட்டத்திலோ, 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. 2004 டிசம்பரில் அதையும் இறுக்கினார்கள். ஆகவே முகாமில் பிறந்து, இங்கேயே தமிழ்வழியில் படித்து, இங்கேயே பட்டம் வாங்கிய அவன் மகள் இந்தியக் குடிமகள் இல்லை. 2019-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது அவள் எனக்குப் போன் செய்து, “நாங்க அதுல இருக்கோமா பெரியம்மா?” என்று கேட்டாள். அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு. இலங்கை அதில் இல்லை. “இல்லம்மா” என்றேன். அதற்குமேல் அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வருஷமே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினரின் குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. 1987-க்கு முன்பு முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் இந்திய பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். 2021-இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டித் தருகிறது. இவையெல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது. முகாமில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. அப்பா சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

தலைநகரங்களின் முடிவுகள் இன்னும் எங்கள் மூன்று வீட்டு அடுப்பையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 2021-இல் கொழும்பு ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. சித்தப்பா மகனின் தோட்டத்தில் கொழுந்து விழுந்தது, அதோடு கிலோக்கணக்கும் விழுந்தது. மறுவருஷம் பெட்ரோல், காஸ், பால்மா எதுவும் கிடைக்காமல் அவன் பிள்ளைகள் நாங்கள் நின்ற மாதிரியே வரிசையில் நின்றார்கள். அதே 2022-இல் இங்கே, நஷ்டம் என்று சொல்லி, எங்கள் ஆட்கள் காடு வெட்டி உண்டாக்கிய அரசுத் தோட்டத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று சென்னையில் முடிவானது. வேலை போனால் பாடியில், அதாவது இங்கத்து லயத்தில், இருக்கும் வீட்டையும் காலி செய்ய வேண்டுமே என்று ஓய்வுபெற்ற கிழவர்களும் கிழவிகளும் கலங்கிப்போனார்கள். மறுவாழ்வு என்று கொண்டுவந்து நிறுத்திய இடத்திலும் காலுக்கடியில் நிலம் சொந்தமில்லை. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. எங்களுக்கு ஓட்டு இருந்ததால் எல்லாக் கட்சிக்காரர்களும் மலையேறி வந்தார்கள். கூட்டம் போட்டோம், மனுக் கொடுத்தோம், சட்டமன்றத்தில் எங்களைப் பற்றிப் பேச வைத்தோம். முடிவை எடுத்தவர்கள் எங்களுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

பெரிய நகரங்களில் அரசியல் பேசுகிறவர்கள் ஒப்பந்தம், ராஜதந்திரம், அண்டை நாட்டு உறவு என்று பேசுவார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களில் ஒருவராவது அந்த மேசையில் உட்கார வேண்டும். 1964-இல் ஒரு மலைநாட்டுத் தாய் அங்கே உட்கார்ந்திருந்தால், 9,75,000-ஐ ஏழும் நாலுமாகப் பிரிக்க முடியாது, ஏனென்றால் அதில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் நடுவில் வெட்டும் என்று சொல்லியிருப்பாள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அத்தை மகனின் மகளுக்காகக் குடியுரிமை விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் மண்டபம் குடும்ப அட்டை, பழைய இந்திய பாஸ்போர்ட், தாத்தாவின் தோட்டத்துத் துண்டுச் சீட்டு, அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்தவர் என்பதற்கான பிறப்புப் பதிவு எல்லாவற்றையும் நகலெடுத்து அடுக்கியிருக்கிறேன். ஒரு குடும்பம்தான் என்று நிரூபிக்க எங்களிடம் தாள் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு எங்கள் பாடிக்கு வருகிறவர்களிடம் நாங்கள் ரோடு கேட்போம், தண்ணீர் கேட்போம், கூலி உயர்வு கேட்போம். இப்போது அதற்கெல்லாம் முன்னால் நான் வேறொன்றைக் கேட்கிறேன்: முகாமில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்க டெல்லியில் நீங்கள் என்ன பேசுவீர்கள், எப்போது பேசுவீர்கள்? அவர்களுக்கு ஓட்டு இல்லாததால் அவர்களுக்கும் சேர்த்து நான்தான் கேட்க வேண்டும். பதில் சொல்லாமல் ஒருவரையும் நான் அனுப்புவதில்லை. என்னோடு பாடியில் இருக்கும் பெண்கள் எல்லாரும் இப்போது இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.